பிளக்கைக் கழற்றிய பின் தொடங்கும் வேலை: ஹாம் ரேடியோ வால்வு ஆம்ப்ளிஃபையரைப் பாதுகாப்பாகப் பழுதுபார்க்கும் முறை

ஹாம் எனப்படும் அமெச்சூர் வானொலிக்காரர்கள் தங்கள் ஒலிபரப்பின் திறனைக் கூட்டப் பயன்படுத்தும் ஹீத்கிட் எஸ்பி-220 ஆம்ப்ளிஃபையரின் மூடியைத் திறந்தால், மின்னூட்டத்தைச் சேமிக்கும் 200 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர்கள் எட்டு ஒரு பலகையில் வரிசையாக நிற்பதைப் பார்க்கலாம். தொடராக இணைந்திருப்பதால் மொத்தம் 25 மைக்ரோஃபாரட்தான். ஆனால் அதில் 3000 வோல்ட் ஏறி நிற்கும்போது சேமித்திருக்கும் ஆற்றல் 112 ஜூலுக்கும் மேல். இதயத்தை நிறுத்த இது போதும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் இந்த ஆற்றல் உள்ளேயேதான் இருக்கும். வால்வு ஆம்ப்ளிஃபையரைப் பழுதுபார்க்க விரும்பும் ஒவ்வொருவரும் முதலில் மனத்தில் பதிக்க வேண்டிய எண் இது.

இந்த வழிகாட்டிக்கு எஸ்பி-220-ஐ எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலுள்ள பென்டன் ஹார்பரில் இயங்கிய ஹீத்கிட் நிறுவனம் இதை 1970களில் உதிரிப் பாகங்களாக விற்றது. வாங்கியவரே வீட்டில் உட்கார்ந்து சால்டர் வைத்து முடித்தார். ஆகவே உங்கள் கையில் இருக்கும் பெட்டியைச் செய்தவர் தொழிற்சாலைத் தொழிலாளி அல்லர், முகம் தெரியாத ஒரு ஹாம். அவர் கை எவ்வளவு திருத்தமானது என்பது உள்ளே பார்த்தால்தான் தெரியும். இரண்டு 3-500இஸட் வால்வுகள், ஏசியை டிசியாக்கி மின்னழுத்தத்தை இரட்டிக்கும் ரெக்டிஃபையர், வால்வின் கிரிட்டை (ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் கம்பிவலையை) பூமிப்படுத்திய சுற்று என்று இதன் அமைப்பு எளிமையானது. இதைப் புரிந்துகொண்டால் இதே குடும்பத்தைச் சேர்ந்த மற்ற ஆம்ப்ளிஃபையர்களும் பிடிபட்டுவிடும்.

பெரும்பாலான பழுதுகளை மின்சாரமே இல்லாமல், சாதாரண மல்டிமீட்டரைக் கொண்டே கண்டுபிடித்துவிடலாம் என்பது என் உறுதியான கருத்து. உயர் மின்னழுத்தம் ஓடும் பெட்டிக்குள் கம்பியை நீட்டி அளக்க வேண்டிய தேவை அரிதாகவே வரும். வரிசையை மாற்றாமல் வேலை செய்தால் ஆபத்தும் குறையும், செலவும் குறையும்.

மேசையில் என்ன வேண்டும்

டிஜிட்டல் மல்டிமீட்டர், மின்னழுத்தத்தை மெல்ல ஏற்றி இறக்கும் டிம்மர்ஸ்டாட், சாதனத்தோடு தொடராக 100 வாட் குண்டு பல்பு பொருத்திய சீரிஸ் போர்டு, ஆன்டெனாவுக்குப் பதிலாகத் திறனை வாங்கிக்கொள்ளும் 50 ஓம் டம்மி லோடு, நல்ல டார்ச், படமெடுக்க ஒரு கைப்பேசி ஆகியவை வேண்டும். இவற்றோடு, நீங்களே செய்துகொள்ள வேண்டிய கருவி ஒன்று இருக்கிறது: மின்னூட்டத்தை இறக்கும் கோல். ஏறத்தாழ ஒரு முழ நீளமுள்ள உலர்ந்த பிவிசி குழாயின் நுனியில் ஒரு செப்புக் கொக்கியைப் பொருத்துங்கள். கொக்கியிலிருந்து தடிமனான, வளையக்கூடிய கம்பி ஒன்று முதலைக் கிளிப்புக்குப் போக வேண்டும். சில நூறு ஓம் மதிப்புள்ள கம்பிச்சுற்று ரெசிஸ்டர் ஒன்றை இடையில் வைத்த இன்னொரு கோலும் செய்துகொள்ளுங்கள். முதலில் ரெசிஸ்டர் உள்ள கோல், பிறகு நேரடிக் கோல். எடுத்தவுடன் நேரடியாகத் தொட்டால் வெடிச் சத்தத்தோடு பொறி பறக்கும். அந்த அதிர்ச்சியில் கை உதறி வேறெதிலாவது படும்.

சாதாரண மல்டிமீட்டரின் எல்லை பெரும்பாலும் 1000 வோல்ட். அதைக் கொண்டு 3000 வோல்ட்டை அளக்க முயன்றால் மீட்டர் கையிலேயே வெடிக்கலாம். உயர் மின்னழுத்த புரோப் இல்லாதவர்கள் ஆம்ப்ளிஃபையரின் முன்பக்க மீட்டரையே நம்பலாம். கீழே சொல்லும் முறைக்கு அது போதும்.

மோதிரம், கைக்கடிகாரம், கழுத்துச் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். காலில் உலர்ந்த ரப்பர் செருப்பு இருக்கட்டும். தூக்கக் கலக்கத்திலோ அவசரத்திலோ இதைத் தொட வேண்டாம். வீட்டில் யாராவது ஒருவர் அருகில் இருக்க வேண்டும். மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது, ஏதாவது நடந்தால் உங்களைத் தொடும் முன் அதைத்தான் அணைக்க வேண்டும், பிறகு 108-ஐ அழைக்க வேண்டும் என்பதை அவருக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

மின்னூட்டத்தை இறக்குவது

சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றி, அதை உங்கள் கண்ணில் படும்படி மேசையின் மேலேயே வையுங்கள். முன்பக்க மீட்டரை உயர் மின்னழுத்த நிலையில் வைத்து முள் இறங்குவதைக் கவனியுங்கள். ஒவ்வொரு கெப்பாசிட்டருக்கும் இணையாக மின்னூட்டத்தை மெல்ல வடிக்கும் 30 கிலோஓம் பிளீடர் ரெசிஸ்டர் ஒன்று உண்டு. எட்டும் சேர்ந்து 240 கிலோஓம். 25 மைக்ரோஃபாரடோடு இதைப் பெருக்கினால் ஆறு விநாடி வருகிறது. எல்லாம் நல்ல நிலையில் இருந்தால் அரை நிமிடத்தில் முள் ஏறக்குறைய அடியில் நிற்கும். நான் ஐந்து நிமிடம் காத்திருப்பேன். முள் பாதியில் நின்றுவிட்டாலோ மிக மெதுவாக இறங்கினாலோ, அதுவே முதல் பழுதைச் சொல்லிவிட்டது: ஒரு பிளீடர் திறந்துவிட்டது, அதாவது உள்ளே அறுந்து மின்சாரம் ஓடாமல் போய்விட்டது.

பிறகு மூடியைத் திறந்து, முதலைக் கிளிப்பை முதலில் சேசிஸில் (பெட்டியின் உலோகச் சட்டத்தில்) மாட்டுங்கள். அதன் பிறகே கோலைக் கையில் எடுக்க வேண்டும். ஒரு கை கோலில், மற்றொரு கை பின்னால் இருக்கட்டும். வால்வின் தலையிலுள்ள, உயர் மின்னழுத்தம் சேரும் பிளேட் இணைப்பைக் கோலால் தொடுங்கள். பிறகு நேரடிக் கிளிப் ஒன்றை அங்கேயே மாட்டி விட்டுவிடுங்கள்.

இங்கேதான் எனக்கு ஒருமுறை பாடம் கிடைத்தது. நண்பர் ஒருவரின் ஆம்ப்ளிஃபையரில் கோலால் தொட்டேன். சிறிய பொறி ஒன்று வந்தது. மீண்டும் தொட்டேன், பொறி இல்லை. முடிந்தது என்று கோலை எடுத்து வைத்துவிட்டேன். கெப்பாசிட்டர் பலகையைக் கழற்றும் முன், வழக்கத்துக்காக மட்டுமே, மல்டிமீட்டரை ஒவ்வொன்றின் மேலும் வைத்துப் பார்த்தேன். நான்கு வரை பூஜ்ஜியம். ஐந்தாவதில் 340 வோல்ட்! என் விரல்கள் அதிலிருந்து இரண்டு அங்குல தூரத்தில் இருந்தன.

காரணம் எளிது. ஐந்தாவதின் பிளீடர் திறந்திருந்தது. மற்ற ஏழும் தம் பிளீடர் வழியே இறங்கிவிட்டன. இது மட்டும் நானூறு வோல்ட்டோடு நின்றது. வரிசையின் இரு முனைகளையும் கோலால் இணைத்தபோது, அதன் மின்னூட்டம் மற்ற ஏழின் வழியாகத்தான் ஓடியாக வேண்டும். அந்த ஏழும் எதிர்த்திசையில் தலைக்கு ஐம்பது வோல்ட் ஏறியவுடன் கூட்டுத்தொகை பூஜ்ஜியமாகி ஓட்டம் நின்றுவிட்டது. கோலுக்குப் பூஜ்ஜியம், ஐந்தாவது கெப்பாசிட்டருக்கு ஏறக்குறைய 350. கிளிப்பை மாட்டியபடியே விட்டிருந்தால் மற்ற ஏழு பிளீடர்கள் வழியாகச் சில நிமிடங்களில் அதுவும் இறங்கியிருக்கும். தொட்டு எடுத்ததால் இறங்கவில்லை. இரண்டு பிளீடர்கள் திறந்திருந்தால் அந்த வழியும் கிடையாது.

ஆகவே மாட்டிய கிளிப் வேலை முடியும் வரை அங்கேயே இருக்கட்டும். ஒவ்வொரு கெப்பாசிட்டரின் இரு முனைகளையும் தனித்தனியாக அளந்து பாருங்கள். மின்னூட்டம் மிச்சமிருந்தால் ரெசிஸ்டர் வழியாக அதைத் தனியே இறக்குங்கள். இந்த ஒரு பத்தியை மட்டும் யாராவது நினைவில் வைத்துக்கொண்டாலும் எனக்கு நிறைவு.

கண்ணும் மூக்கும்

அளக்கும் முன் நிதானமாகப் பாருங்கள், முகர்ந்து பாருங்கள். எதையும் கழற்றும் முன் நான்கு கோணங்களில் படமெடுத்துக்கொள்ளுங்கள். கருகிய ரெசிஸ்டர், வீங்கிய கெப்பாசிட்டர், அதன் அடியில் கசிந்த பிசின், பேண்ட் (அலைவரிசை) சுவிட்சில் கருத்த தொடுமுனை, ட்யூன் கண்டென்சரின் தகடுகளில் கரும்புள்ளி ஆகியவற்றைத் தேடுங்கள். ஈரக்காற்று வீசும் ஊர்களில் தூசியும் ஈரமும் சேர்ந்து படலமாகி உயர் மின்னழுத்தத்துக்கு வழிவிடும். மென்மையான தூரிகை, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் இரண்டும் சேர்ந்து பல மர்மமான பழுதுகளைத் தீர்த்துவிடும். மிகப் பழைய சாதனங்களில் எண்ணெய் நிரப்பிய உலோகக் கெப்பாசிட்டர் இருந்தால், அந்த எண்ணெயில் பிசிபி (பாலிகுளோரினேட்டட் பைஃபினைல்) என்ற நச்சு வேதிப்பொருள் இருக்கலாம். கசிந்திருந்தால் வெறும் கையால் தொடாதீர்கள்.

மின்சாரமின்றி அளப்பவை

முதலில் வால்வுகளைக் கழற்றித் துணியில் பத்திரமாக நிமிர்த்தி வையுங்கள். அதன்பின் ரெக்டிஃபையர் டையோடுகள். ஒவ்வொன்றையும் மீட்டரின் டையோடு நிலையில் பாருங்கள்: ஒரு திசையில் 0.5 முதல் 0.6 வரை, மறுதிசையில் திறப்பு. சுற்றில் இருக்கும்போது இணையான ரெசிஸ்டர்கள் குழப்பினால் ஒரு காலைத் தூக்கி அளக்கலாம். ஒன்று குறுக்காகியிருந்தாலும் (ஷார்ட் ஆகியிருந்தாலும்) முழு வரிசையையும் 1என்5408 கொண்டு மாற்றிவிடுவதே நல்லது. குறுக்கான ஒன்றின் சுமையை மற்றவை தாங்கிச் சலித்திருக்கும்.

அடுத்து பிளீடர்கள். 30 கிலோஓம் என்று எழுதியிருக்கும், ஆனால் பல பத்தாண்டு வெப்பத்தில் மதிப்பு எங்கோ போயிருக்கும். ஒன்றின் மதிப்பு ஏறினால் அதன் கெப்பாசிட்டருக்கு விழும் மின்னழுத்தமும் ஏறி, 450 வோல்ட் எல்லையைத் தாண்டும். மாற்றுவதானால் எட்டையும் மாற்றுங்கள். 100 கிலோஓம், 3 வாட் மெட்டல் ஆக்சைடு போட்டால் வெப்பம் மிகவும் குறையும். ஆனால் 500 வோல்ட்டையாவது தாங்கக்கூடியதாகப் பார்த்து வாங்குங்கள். இதில் இறங்கும் நேரமும் மும்மடங்குக்கு மேல் கூடிவிடும். முன்பு அரை நிமிடத்தில் இறங்கியது இப்போது ஒன்றரை நிமிடத்துக்கு மேல் எடுக்கும். மூடியின் உள்பக்கத்தில் இதை எழுதி ஒட்டுங்கள், அடுத்துத் திறப்பவர் நீங்களாக இல்லாமல் போகலாம்.

கெப்பாசிட்டர்கள் ஐம்பது வயதை நெருங்குபவை என்றால் நான் அளந்துகூடப் பார்ப்பதில்லை, எட்டையும் மாற்றிவிடுவேன். வரிசையில் மேலே இருக்கும் கெப்பாசிட்டரின் உலோக உறை சேசிஸிலிருந்து மூவாயிரம் வோல்ட்டுக்கு அருகில் மிதக்கிறது. அதைப் பிரித்து நிறுத்தும் பலகையும் உறையின் பிளாஸ்டிக்கும் வெடிப்பின்றி இருக்க வேண்டும்.

உயர் மின்னழுத்தத்தின் எதிர்முனை (நெகட்டிவ்) நேராகச் சேசிஸில் இணைவதில்லை. பிளேட் மின்னோட்டத்தை அளப்பதற்காகச் சிறிய ரெசிஸ்டர் ஒன்றின் வழியாக இணைகிறது. அந்த ரெசிஸ்டர் எரிந்து திறந்தால், சேசிஸுக்கு அருகிலேயே இருக்க வேண்டிய எதிர்முனை ஆயிரக்கணக்கான வோல்ட் கீழே இறங்கிவிடும். மீட்டரும் அதன் கம்பிகளும் உங்கள் விரலுக்கு எதிரே நிற்கும் பேனலில் அந்த மின்னழுத்தத்தைச் சுமக்கும். ஆகவே எதிர்முனைக்கும் சேசிஸுக்கும் இடையே ஓரிரண்டு ஓமைத் தாண்டாத அளவு இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே எதிரெதிராக இரண்டு பெரிய டையோடுகளைச் சேர்ப்பது, நான் எந்த ஆம்ப்ளிஃபையரைத் தொட்டாலும் செய்யும் முதல் மாற்றம்.

வால்வின் ஓய்வு நிலை மின்னோட்டத்தை நிர்ணயிக்கும் பயாஸ் மின்னழுத்தத்தைத் தரும் 5.1 வோல்ட் ஜீனர் டையோடு பிளேட் மின்னோட்டம் முழுவதையும் தாங்குகிறது. உள்ளே ஒரு மின்வெடிப்பு நடந்தால் முதலில் பலியாவது இதுதான். குறுக்காகிவிட்டால் வால்வுகள் சும்மா இருக்கும்போதே அதிகம் இழுக்கும். திறந்துவிட்டால் ஒன்றுமே இழுக்காது.

பிளேட் இணைப்பிலுள்ள, தேவையற்ற அலைவைத் தடுக்கும் பாராசிடிக் சப்ரஸரை அளப்பதில் பலரும் ஏமாறுகிறார்கள். ரெசிஸ்டரைச் சுற்றிச் செப்புச் சுருள் இணையாக இருப்பதால், மீட்டர் எப்போதும் பூஜ்ஜியத்தையே காட்டும். ஒரு காலைத் தூக்கி ரெசிஸ்டரை மட்டும் அளக்க வேண்டும். மதிப்பு எழுதியிருப்பதைவிட மிகவும் ஏறியிருந்தால் மாற்றுங்கள், அதுவும் கம்பிச்சுற்று வகையாக இருக்கக் கூடாது. இது கெட்டால் விஎச்எஃப் (மிக உயர் அதிர்வெண்) அலைவு தொடங்கும், சத்தம் கேட்கும் வரை தெரியாது.

கடைசியாக வால்வு. 3-500இஸட்டின் ஐந்து ஊசிகளில் 1, 5 பிலமென்ட் (சூடாகும் இழை). 2, 3, 4 கிரிட். பிலமென்டில் ஓமுக்கும் மிகக் குறைவான தடை, கிரிட்டுக்கும் பிலமென்ட்டுக்கும் இடையே முழுத் திறப்பு இருக்க வேண்டும். சாக்கெட்டின் கிரிட் முனைகளிலிருந்து சேசிஸுக்கும் அளவு பாருங்கள். சில அமைப்புகளில் இடையில் ஒரு சிறிய சோக் (கம்பிச்சுருள்) இருக்கும், மின்வெடிப்பின்போது அது பியூஸ் போல எரிந்துபோயிருக்கும்.

பிலமென்ட் ஊசிகளில் சற்று அதிக நேரம் செலவிடுங்கள். ஒவ்வொரு வால்வின் பிலமென்டும் 5 வோல்ட்டில் 14.6 ஆம்பியர் இழுக்கிறது. சாக்கெட்டின் பிடிப்பு தளர்ந்து 0.03 ஓம் தடை வந்தாலே 0.4 வோல்ட்டுக்கு மேல் அங்கேயே போய்விடும். வால்வுக்குக் கிடைப்பது 4.6 வோல்ட்டுக்குக் கீழ், ஏற்கத்தக்க அடி எல்லையோ 4.75. அந்த ஊசியிலேயே ஆறு வாட் வெப்பம் எரியும், ஊசிக்குள் இருக்கும் சால்டர் உருகி வெளியே வழியும். ஊசி நுனியில் சாம்பல் நிறத் துளி காய்ந்திருந்தால் இதுதான் நடந்திருக்கிறது. வால்வு தீர்ந்துவிட்டது என்று தூக்கிப் போடப்பட்ட பல 3-500இஸட்கள் ஊசியில் புதிதாகச் சால்டர் வைத்து, சாக்கெட்டின் பிடிகளை இறுக்கியவுடன் முழுத் திறனோடு உயிர்த்தெழுந்திருக்கின்றன. புதிய வால்வு வாங்கும் முன் இதைச் செய்து பாருங்கள்.

வால்வு இல்லாமல் முதல் மின்சாரம்

அமெரிக்காவிலிருந்து வந்த பெட்டி என்றால் மின்மாற்றியின் இரு பிரைமரிச் சுற்றுகளும் 240 வோல்ட்டுக்குத் தொடராக இணைக்கப்பட்டிருக்கின்றனவா என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள். 120 வோல்ட் இணைப்பில் நம் 230 வோல்ட்டைக் கொடுத்தால் எல்லாம் போச்சு.

மாட்டியிருந்த இறக்கும் கிளிப்பைக் கழற்றுங்கள். பிளேட் கிளிப்புகள் சேசிஸில் படாமல் தூக்கிக் கட்டுங்கள், வால்வு இல்லாவிட்டாலும் அவற்றில் முழு மின்னழுத்தம் வரும். மூடியைத் திருகி மூடுங்கள். மூடித் திறப்பைக் காக்கும் சுவிட்சை எக்காரணம் கொண்டும் கட்டிப்போடாதீர்கள். சீரிஸ் போர்டு, டிம்மர்ஸ்டாட் வழியாக மெல்ல ஏற்றுங்கள். கெப்பாசிட்டர்கள் நிரம்பும்போது பல்பு பளிச்சென்று எரிந்து மங்க வேண்டும். முழுவதும் அணையாது, ஏனென்றால் பழைய பிளீடர்கள் மட்டுமே 37 வாட் உண்கின்றன. பல்பு மங்காமல் பிரகாசமாகவே நின்றால் டையோடு, கெப்பாசிட்டர், மின்மாற்றி மூன்றில் ஒன்று குறுக்கு. உடனே இறக்கி, பிளக்கைக் கழற்றி, முதலிலிருந்து தொடங்குங்கள். நல்லதாக இருந்தால் பல்பை விலக்கி, டிம்மர்ஸ்டாட்டில் மட்டும் முழு மின்னழுத்தத்துக்கு ஏற்றி அரை மணி நேரம் விடுங்கள். பிலமென்ட் இழுவை 146 வாட் என்பதால் வால்வுகளோடு இந்தப் பல்புச் சோதனை பொருள் தராது.

வால்வுடன்

மீண்டும் இறக்குவது, அளப்பது. பிறகு வால்வுகளை நிமிர்ந்த நிலையில் மாட்டுங்கள். மின்விசிறி தடையின்றிச் சுழல வேண்டும். எஸ்பி-220 விசிறியின் தாங்கிகள் எண்ணெய் காய்ந்து மெதுவாகிவிடும், இரண்டு சொட்டு இயந்திர எண்ணெய் போதும். பிலமென்ட் மட்டும் எரிந்தாலும் 3-500இஸட்டுக்குக் காற்று தேவை.

பல ஆண்டு அலமாரியில் கிடந்த வால்வுக்குள் சிறிது வாயு சேர்ந்திருக்கலாம். உயர் மின்னழுத்தம் கொடுக்கும் முன், பிளேட் இணைப்பைப் பிரித்துத் தனியே பாதுகாப்பாக நிறுத்திவிட்டு, பிலமென்டை மட்டும் சில மணி நேரம் எரியவிடுங்கள். இந்த வால்வில் வாயுவை உறிஞ்சும் பொருள் பிளேட்டின் மேல் இருக்கிறது, பிளேட் சூடேறினால்தான் அது வேலை செய்யும். எனவே பிறகு மிதமான திறனில் பிளேட் மங்கிய சிவப்பாகும் வரை கொஞ்சம் இயக்குவது நல்லது. அந்தச் சிவப்பைக் கண்டு பதற வேண்டாம், இந்த வால்வுக்கு அது இயல்பு. கண்ணாடியின் உட்புறத்தில் ஒட்டிய நீலப் பளபளப்பும் தொல்லையில்லை. தகடுகளுக்கு இடையே ஊதா மூட்டம் தெரிந்தால் வால்வு முடிந்தது.

ஒலிபரப்பாத நிலையில் பிளேட் மின்னோட்டம் பூஜ்ஜியமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ரிலேயின் தொடுமுனை ஒட்டிக்கொண்டிருக்கலாம். ரிலேயை உயிர்ப்பித்தும் ஒன்றும் இழுக்காவிட்டால் ஜீனர், ரிலே, பிளேட் சோக் என்ற வரிசையில் தேடுங்கள். தொடுமுனைகளை உப்புத்தாளால் தேய்க்காதீர்கள், ஆல்கஹாலில் நனைத்த அட்டைத் துண்டை இடையில் விட்டு இழுத்தால் போதும். இன்னொரு கண்ணி: எஸ்பி-220-இன் ரிலே இணைப்பில் நூறு வோல்ட்டுக்கு மேல் டிசி நிற்கிறது. இன்றைய டிரான்ஸீவரை (அனுப்பவும் வாங்கவும் ஒன்றாக உள்ள ரேடியோவை) நேரே மாட்டினால் அதன் சுவிட்ச் டிரான்சிஸ்டர் கருகிவிடும். இடையே ஒரு இன்டர்ஃபேஸ் சுற்று கட்டாயம் வேண்டும்.

கடைசியாக ரேடியோ அலை

டம்மி லோடை இணைத்து, குறைந்த மின்னழுத்தமான சிடபிள்யூ (மோர்ஸ்) நிலையில் தொடங்குங்கள். டிரான்ஸீவரிலிருந்து இருபது வாட் அளவுக்கு உந்தல் கொடுத்து, ஒரே நேரத்தில் பத்து விநாடிக்கு மேல் அழுத்தாமல், ட்யூன், லோடு குமிழ்களை மாற்றி மாற்றிச் சரிசெய்யுங்கள். கிரிட் மின்னோட்டம் எகிறி பிளேட் மின்னோட்டம் தாழ்ந்தால் லோடிங் போதவில்லை. இரண்டுமே தாழ்ந்து வெளியீடும் குறைந்தால், உந்தல் வால்வைச் சேர்கிறதா என்று உள்ளீட்டு ரிலேயையும், பிலமென்ட் ஊசிகளையும் மீண்டும் பாருங்கள். ஒரு பேண்டில் மட்டும் வெளியீடு குறைந்தால் வால்வைக் குறை சொல்லாதீர்கள், பேண்ட் சுவிட்சின் அந்தத் தொடுமுனை கருகியிருக்கும். எல்லாப் பேண்டும் சரியான பிறகு, உங்கள் உரிமம் அனுமதிக்கும் திறன் வரை மெல்ல ஏற்றுங்கள்.

முடிந்ததும் ஒலிபரப்பை நிறுத்தி, விசிறி ஐந்து நிமிடம் ஓடட்டும். பிறகு உயர் மின்னழுத்தம், ஓய்வு நிலை பிளேட் மின்னோட்டம், ஒவ்வொரு பேண்டிலும் ட்யூன், லோடு குமிழ்களின் நிலை ஆகியவற்றைத் தேதியோடு ஒரு தாளில் எழுதி, பிளீடர் குறிப்புக்கு அருகில் மூடியின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள்.